இரண்டாம் பதிப்புக்கு ஒரு முன்னுரை

தெமோதரை
14.10.2024

கேஷானி அப்பாவுக்கு,

மாதாவின் துணையால் நானும் பிள்ளையும் சுகம். கத்தாரில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் கேட்கிறேன். நாலு வருசமாகக் கடிதம் இல்லை, போனும் வேலை செய்வதில்லை. கடைசிக் கவரில் இருந்த தபால் பெட்டி விலாசத்துக்கே இதையும் போடுகிறேன். முன்பு போட்ட ஆறு கடிதமும் திரும்பி வரவில்லை. அந்த மட்டுக்கும் சந்தோசம்.

கேஷானி தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். உங்களைப் போலவே சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் புத்தகம்தான். மழை பிடித்துக்கொண்டது, எனக்கு முழங்கால் வலி.

விசயத்துக்கு வருகிறேன். பதுளையில் உங்கள் கதைப் புத்தகத்தை அச்சடித்தாரே ஹாஜியார், அவர் மகன் நிஸாம் அதை மறுபதிப்புப் போடுகிறார். எங்கேயும் ஒரு பிரதி இல்லையாம். எப்படி இருக்கும்? ஐந்நூறையும் ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சும்மா கொடுத்தவராச்சே நீங்கள். என் பெட்டியில் இருந்த ஒன்றுதான் மிச்சம். புத்தகத்தின் தையலைப் பிரித்தால்தான் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கலாம் என்றார். பிரிக்க விடமாட்டேன் என்று சண்டை போட்டேன். கடைசியில் நான் வாசிக்க வாசிக்க, கேஷானி கம்ப்யூட்டரில் அடித்தாள். மூன்று மாதம் ஞாயிறு தவறாமல் அதுதான் வேலை.

ஒரு கதையில் புருசன் ரயில் ஏறும்போது பெண்சாதி அழுகிறாளே, அவள் யார்? நான் இல்லை. பிறகு நீங்கள் கத்தார் போக ரயில் ஏறிய அன்று நான் ஒரு சொட்டு விடவில்லை. வீட்டுக்கு வந்து, நீங்கள் இடுப்பில் கட்டிக் கழற்றிப் போட்ட சாரத்தை மடிக்கும்போதுதான் முடியாமல் போனது. மறுபதிப்பில் அதைத் திருத்தலாமா என்று கேட்டேன். எழுதியவர்தான் திருத்த வேண்டும் என்றார் நிஸாம்.

எல்லாப் பக்கமும் தயார், முதல் பக்கம் மட்டும் பாக்கி. போன வாரம் நிஸாம் தலையைக் குனிந்துகொண்டு, பேருக்கு முன்னால் அமரர் என்று போடட்டுமா என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். இங்கே எல்லாருடைய நினைப்பும் அதுதான். போன கல்லறைத் திருநாளுக்குச் செத்தவர்கள் பட்டியலில் உங்கள் பேரையும் கொடுக்கச் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை.

நிஸாமிடம் சொன்னேன்: "போன மாதம்கூடக் கடிதம் வந்தது. முன்னுரை எழுதிக்கொண்டிருக்கிறார்."

கேஷானி என் முகத்தையே பார்த்தாள். நிஸாம் சந்தோசப்பட்டு, அப்படியென்றால் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வரைக்கும் பொறுக்கிறேன் என்றார்.

வேறு குடும்பம் வைத்திருந்தாலும் கோபப்பட மாட்டேன் என்று பொய் எழுத மாட்டேன். கோபப்படுவேன். ஆனாலும் எழுதுங்கள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், வருகிறேன் என்றும் சொல்ல வேண்டாம். முன்னுரை என்று நாலு வரி, உங்கள் கையால், கீழே இந்த வருசத்துத் தேதி.

மாதா உங்களை எங்கே இருந்தாலும் காப்பாற்றட்டும். நான் சொன்ன பொய்யை நீங்கள்தான் மெய்யாக்க வேண்டும்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
சூசையம்மா