பிறை தெரிந்தால் பிரேக்

1972 பெப்ரவரி 11, வெள்ளி

மழை. நமுனுகுலை மலையைக் காணவில்லை. யாரோ மடித்து எடுத்துப் போய்விட்டார்கள். நேற்று இடது முட்டி பலாப்பழ அளவு. இன்று மண்டை. அதுவும் இடது பக்கம் மட்டும். மூன்றாம் தடவை இப்படி: முதல் நாள் முட்டி வீங்கும், மறுநாள் த.வ. முழுப் பெயர் எழுத மாட்டேன். கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடும்.

அதற்கு முன்னால் அந்தப் பிறை. வலது ஓரத்தில் ரம்பப் பல் வைத்த வெள்ளிப் பிறை. மினுமினுத்து வளர்ந்து பாதி உலகத்தை விழுங்கும். அரை மணி நேரம். இன்று பசறையில் வலது பக்கம் வந்த பஸ் முழுசாகக் காணோம். ஹோர்ன் மட்டும் கேட்டது.

ஊவா மாகாணமே நடுங்கும் லொரிச் சாரதி நான். இன்று நடுங்கியது நான்.

12, சனி

நெற்றியில் சுக்குப் பற்று பூசி வேலைக்கு. ஆறுமுகம் கங்காணி திருநீறு என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"என்ன டிரைவரே, விரதமா?"

"முனியாண்டிக்குங்க. நாப்பத்தெட்டு நாளு."

வாய் தானாகச் சொன்னது. மாலைக்குள் லயத்து வீடுகள் முழுக்கச் செய்தி. அடுத்த ஞாயிறு லுணுகலையில் அக்கா மகள் சரோஜா கல்யாணம். முப்பத்திரண்டு பேர், தோட்டத்து லொரி, ஓட்டுவது தாய்மாமன். வேறு சாரதி இல்லை. "சாமி ஓட்டுற லொரி, பயமே இல்ல" என்கிறார்கள். பயம் மொத்தமும் எனக்கு ஒதுக்கீடு.

உண்மை சொன்னால் தோட்டத்துத் துரை சாவியை வாங்குவார். சாவி போனால் வேலை. வேலை போனால் வீடு.

15, செவ்வாய்

வெயில். பதுளை ஸ்டேஷனில் தேயிலைப் பெட்டி இறக்கிவிட்டு, யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரி. யாழ்ப்பாணத்து டாக்டர். பிறை, முட்டி எல்லாம் சொன்னேன்.

"மூளையில கட்டிங்களா?" என் சிங்கக் குரல் பூனைக்குட்டியாக.

"கட்டியில்லை. தலைக்குள்ளை ரத்தக்குழாயைச் சுத்தி ஒரு வீக்கம். கிருமியுமில்லை, காயமுமில்லை."

"முட்டி வீக்கந்தான் மேல ஏறுதுங்களா?"

"அப்பிடி ஏறாது. ரெண்டுக்கும் தொடர்பு இருக்கலாம். எங்களுக்கும் முழுசாத் தெரியாது. என்ன வேலை பாக்கிறீர்?"

"சும்மா... தோட்டத்துல."

என் கையில் இருந்த கிறீஸைப் பார்த்தார். "பிறை தெரிஞ்சா பிரேக்கைப் போடும். விளங்குதே?"

முட்டி வீங்கினால் வேட்டியைத் தளர்த்தலாம். மண்டை ஓட்டை எப்படித் தளர்த்துவது?

19, சனி

டீசல். டயருக்குக் காற்று. எலுமிச்சம்பழம் நாலு. வாழைக்கன்று ரெண்டு. டாக்டர் தந்த மாத்திரை சட்டைப் பையில்.

சரோஜா: "மாமா, விரதம் நாளைக்கு முடிஞ்சிருமா, இல்ல என் புள்ளைக்குக் காது குத்துற வரைக்கும் போகுமா?"

சிரித்தேன். முட்டியை ஆயிரம் தடவை தொட்டாயிற்று. ஐந்து மணிக்கு லேசான சூடு. ஆறு மணிக்கு வீக்கம்.

20, ஞாயிறு

லுணுகலைக்கு இரண்டு மைல். மதகில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரியின் வலது பாதி இல்லை.

வளைவில் பிறை. பிரேக். வலது பக்கம் பள்ளம். தெரியவில்லை, ஆனால் இருக்கிறது.

கங்காணி குதித்து ஓடி வந்தார். "சாமி வந்துருச்சு! உத்தரவு குடு சாமி, போலாமா?"

எல்லோரும் கைகூப்பி. போலாம் என்றால் உட்கார்ந்திருப்பார்கள். நட என்றால் நடப்பார்கள், என் வேலையும் பிழைக்கும். வாயைத் திறந்தேன். பக்கத்து சீட்டில் சரோஜா, தலை நிறையப் பூவோடு, என் முகத்தையே பார்த்தபடி.

"சாமி இல்லம்மா. கண்ணு தெரியல. மண்டைக்குள்ள வீக்கம்."

சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள். "எல்லாரும் எறங்குங்க. நடப்போம்."

கங்காணி கூப்பிய கையை இறக்கினார். நாளைக்குப் பேசுவார், துரையிடம்.

மேளம் தட்டிக்கொண்டு போகிறார்கள். இடது பக்கம் இடி ஆரம்பம். எண்ணிப் பார்த்தேன். பதினாறு தலைதான். அந்தப் பதினாறில் சரோஜா இல்லை. மேளம் மட்டும் முழுசாக