ராஜாவின் மேசையருகே நின்றவர்

திருக்காட்டுப்பள்ளி
14.11.1999

அன்பு மகள் ஜூலியட்டுக்கு அம்மா எழுதுவது. பூண்டி மாதா கருணையால் அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், இங்கிலாந்துக் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த புண் நன்றாக ஆறிவிட்டது, இனி மாடிப்படி ஏறலாம் என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னார், நம் வீட்டில்தான் மாடி இல்லை. சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துவிட்டது, இந்தத் தடவை ஆள் விட்டதும் உரம் போட்டதும் நான்தான், அப்பா கட்டிலில் இருந்தபடியே குறை சொல்லப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை.

நீ ஆராய்ச்சி செய்த சர் ஹியூ ஃபென்மோரின் கதையை அப்பாவுக்காகத் தமிழில் எழுதி அனுப்பினாயே, அதைத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டுப் பிரகதாம்பாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தவள், ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்த வெள்ளைக்காரனைப் படித்து உன் மகளுக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டாள். கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கடலோரத்துப் பள்ளத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருந்த ஹியூ, இங்கிலாந்தில் டியூடர் வம்சத்து முதல் ராஜா பட்டத்துக்கு வந்த சண்டையில் அவர் பக்கம் நின்றதையும், அதற்காக அரண்மனைக்கு அழைக்கப்பட்டு ராஜாவின் மேசையருகே நின்று கறி அரிந்து பரிமாறும் பதவி பெற்றதையும் வாசித்தேன். பந்தியில கறி வைக்கிறதுக்கா சர் பட்டம் குடுத்தான் என்று அப்பா சிரித்தார். எந்த நேரம் யார் கொல்வார்களோ என்று பயந்த ராஜா, கத்தியோடு பக்கத்தில் நிற்க ஒருவனை விட்டாரென்றால் அவனை எவ்வளவு நம்பியிருக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்ததை வாசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு ஒரு குளிர்காலத்தில் கடல் பொங்கி ஊர்க்கரை உடைந்த இடம் வந்தது. ஹியூ ஊருக்குப் போக அனுமதி கேட்கிறார், பிரான்ஸ் தேசத்துத் தூதர் வருகிறார், நீ இருந்தாக வேண்டும் என்று ராஜா மறுத்துவிடுகிறார். அவர் மனைவி ஆலிஸ் கைக்குழந்தையை வேலைக்காரியிடம் கொடுத்துவிட்டு, ஊர் ஆட்களைத் திரட்டி முளையடித்து, கிளைகளைப் பின்னி, களிமண் அப்பிக் கரையை அடைத்தாள் என்று வாசித்தபோது பிரகதாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எம்புள்ளைக்கும் இப்படித்தாங்க, சிங்கப்பூர்ல அவங்க அப்பா காரியத்துக்குக்கூட லீவு குடுக்கல, மேல படிங்க, அந்த மனுசன் வீடு வந்து சேர்ந்தானா இல்லையா சொல்லுங்க என்றாள். அவள் மகன் தியாகேசன் கப்பல் பட்டறையில் இருப்பது உனக்குத் தெரியுமே.

பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவர் விருந்தில் ராஜாவைத் தூற்றினார் என்று ராஜாவின் ஆட்கள் அவர்மேல் வழக்குப் போட்டு, ஹியூவைச் சாட்சி சொல்லச் சொன்ன இடத்தை அப்பா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். நான் அந்த விருந்தில்தான் இருந்தேன், அப்படி ஒரு பேச்சு என் காதில் விழவில்லை, விழாததை விழுந்ததாகச் சத்தியம் செய்ய மாட்டேன் என்று ஹியூ சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் நின்ற மேசையும் போய், சிறையும் கிடைத்தது. அந்த ராஜா இறந்து இளைய ராஜா வந்த பிறகுதான் விடுதலை. இளைய ராஜா திரும்ப அரண்மனைக்குக் கூப்பிட்டும், மீதி நாளை என் ஊருக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று பணிவாகச் சொல்லிவிட்டு ஆலிஸிடம் வந்துவிட்டார். வந்துட்டான்ல, அது போதும் என்று பிரகதாம்பாள் பெருமூச்சு விட்டாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, ஜூலியட் நல்லாத்தாம்மா எழுதியிருக்கு, தியாகேசன் வந்தா அவனுக்கும் படிச்சுக் காட்டுங்க என்றாள். என் பிள்ளையை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அங்கே எத்தனை பேராசிரியர்கள் உன்னைப் பாராட்டினார்களோ எனக்குத் தெரியாது, இந்தப் பாராட்டை நான் என் காதால் கேட்டேன்.

இப்போது முக்கியமான விஷயம். பல்கலைக்கழகத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள், அப்பா உடம்பை உத்தேசித்து வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்துவிடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஹியூவை ராஜா புடிச்சு வச்சிருந்தான், எம்பொண்ணை யாரு புடிச்சு வச்சிருக்கா, லீவு விட்டா வரப்போறா, என் உடம்பைச் சாக்கா வச்சு அவ வேலையை விட்டான்னு நாலு பேரு பேசக்கூடாது என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். உன் அண்ணன் திருச்சியில் இருக்கிறான், வாரம் தவறாமல் வருகிறான், நானும் கல்லுமாதிரி இருக்கிறேன். உன்னைப் பார்க்காமல் இருப்பது கஷ்டமில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் நீ தோற்று வந்து பக்கத்தில் உட்காருவதைவிட இந்தக் கஷ்டம் எனக்குச் சம்மதம்.

நேரத்துக்குச் சாப்பிடு, ரொட்டியை மட்டும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, பூசைக்குப் போக மறக்காதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றுவாள், எங்கள் இருவர் ஆசீரும் உனக்கு எப்போதும் உண்டு. கடிதம் கிடைத்த அன்றே அந்த வேலைக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிடு, நாள் கடத்தாதே. அப்பா நேற்றே தபால்காரரிடமும் பங்குச் சாமியாரிடமும் பால்காரரிடமும், என் மகள் இங்கிலாந்தில் பேராசிரியர் ஆகிவிட்டாள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார், இந்த வயதில் அவரைப் பொய் சொன்னவராக ஆக்கிவிடாதே.

இப்படிக்கு
உன் அன்பு அம்மா
ச. விண்ணரசி