குளோரின் தொட்டிக்கு முன்னும் பின்னும்

மார்ச் 4

என் செல்லக் குட்டிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. உன் ஆய்வுக்கு நீ கேட்ட ஆறு பாட்டிலையும் பார்சலில் போட்டுவிட்டேன். சிவப்புத் தாள் ஒட்டிய மூன்றும் குளோரின் தொட்டிக்குள் போவதற்கு முன்னால் பிடித்த தண்ணீர். வெள்ளைத் தாள் ஒட்டியவை, தொட்டியைவிட்டு வெளியே வந்தபின் பிடித்தவை. தபாலாபீஸில் பார்சலை வாங்கியவர் "என்னம்மா இது?" என்றார். "ஊர்ச் சாக்கடை" என்று உள்ளதைச் சொன்னேன். சிரித்தார். ஆனால் முத்திரையைக் கையை எட்ட நீட்டித்தான் குத்தினார்.

போனில் ஏன் பேசுவதில்லை என்று கோபித்துக்கொள்கிறாய். பேச வாயெடுத்தால் இருமல் முந்திக்கொள்கிறது. இருபத்துமூன்று வருஷம் குளோரின் அறையில் நின்ற தொண்டை வேறு எப்படி இருக்கும்? எழுதினால் மூச்சு வாங்குவதில்லை.

இங்கே வேலை கூடிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியின் கழிவுநீரையும் போன வருஷம் எங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து இன்ஜினியர், "வால்வை இன்னும் கொஞ்சம் திறங்க" என்று நச்சரிக்கிறார். வாரத்துக்கு ஒரு குளோரின் சிலிண்டர் போன இடத்தில் இப்போது இரண்டு. எங்கள் தண்ணீர் ஆற்றில் விழும் இடத்தில் தவளைச் சத்தம் கேட்டு நாளாகிறது.

பாட்டில் எப்படிக் கழுவ வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதியவள், அக்கா எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 27

அன்பு அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன், சண்டைக்கு வராதே. இருமலைச் சும்மா விடாதே, டாக்டரைப் பார்.

உன் சிவப்பு பாட்டில்களில் ஒரு மருந்துக் கடையே இருக்கிறது. காய்ச்சல் மாத்திரை, வலிப்பு மாத்திரை, மூட்டுவலி மாத்திரை. ஜனங்கள் விழுங்கியதில் உடம்பு எடுத்துக்கொண்டது போக மீதியெல்லாம் கழிப்பறை வழியாக உன்னிடம் வந்துவிடுகிறது. வெள்ளை பாட்டிலில் காய்ச்சல் மாத்திரையைக் காணவே காணோம். மெஷின் சைபர் காட்டியதும், "எங்கக்கா கெட்டிக்காரி" என்று ஆய்வகத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

அப்புறம்தான் பார்த்தேன், அந்த மாத்திரை அழியவில்லை. குளோரினோடு சேர்ந்து வேறு பொருளாக மாறியிருக்கிறது. கடுகைவிடச் சின்னதாக ஒரு தண்ணீர்ப் பூச்சி உண்டு, மீன்குஞ்சுக்கு அதுதான் தீனி. சிவப்பு பாட்டில் தண்ணீரில் இருபது விட்டேன், மூன்று செத்தது. வெள்ளையில் பதினேழு. மிச்சக் குளோரினை நீக்கிவிட்டுத்தான் விட்டேன். அதனால் குளோரின் மேல் மட்டும் பழி போட முடியாது. புதிதாய் உண்டானது எதுவோ கொல்கிறது.

உன்மேல் தப்பே இல்லை அக்கா. இன்னும் ஆறு பாட்டில் அனுப்புவாயா?

உன்,
குட்டி


ஏப்ரல் 6

குட்டிக்கு,

பாட்டில் வந்துகொண்டிருக்கிறது.

உன் கடிதத்தை பம்ப் அறையில் நின்றபடியே இரண்டு தரம் படித்தேன். தப்பில்லை என்று நீ எழுதிய வரியில்தான் இரண்டு தரமும் நின்றுவிட்டேன். ஊர் அழுக்கைக் கழுவி அனுப்புகிறவள் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்ஜினியரிடம் சொன்னேன். "ஏம்மா, குளோரின் போடலைன்னாலும் கேள்வி, போட்டாலும் கேள்வியா? நான் எந்தச் சுவத்துல முட்டிக்க?" என்றார். பாவம், அவரும் தூங்கி நாளான முகத்தோடுதான் இருக்கிறார். மருந்து அதிகம் வருவது ஆஸ்பத்திரியிலிருந்துதான், அந்தத் தண்ணீரை அங்கேயே தனியாகச் சுத்தம் செய்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். மேலே எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ காலேஜில் இருந்தபோது ஒரு தடவை சிலிண்டர் வராமல் ஒன்பது நாள் தண்ணீரை அப்படியே ஆற்றில் விட்டோம். ஆற்றின் கீழ்ப்பக்கம் குடியிருப்பவர்கள் அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். வாந்திபேதியில் இரண்டு குழந்தைகள் போய்விட்டன. ஒரு குழந்தையின் அப்பா எங்கள் கேட்டில் வந்து நின்றார். இருட்டும்வரை நின்றுவிட்டுப் போனார்.

அதனால் ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. ஒரு மாதம் இதை வெளியே விடாதே. கீழ்ப்பக்கத்து ஜனங்களிடம் நானே போய், குளோரின் ஏன் வேண்டும், எதில் ஆபத்து என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். பாதியை மட்டும் கேட்டால் பயந்துவிடுவார்கள்.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

இந்நேரம் பேப்பரைப் பார்த்திருப்பாய். "ஆற்றில் குளோரின் விஷம்" என்று தலைப்புப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் நிருபரிடம் அரைமணி நேரம் பேசினேன். கிருமியைப் பற்றியும் சொன்னேன். அதை வெட்டிவிட்டார்.

உன் கடிதம் பிந்தி வந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அப்படிச் சொல்ல மாட்டேன். மேஜைமேல்தான் இருந்தது. படித்துவிட்டுத்தான் பேசினேன். இந்த ஆய்வில் நான்கு வருஷம் போய்விட்டது, யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. முதல் தடவையாக ஒருவர் வந்து கேட்டார். வாய் நிற்கவில்லை.

உன் போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை. ஒரு வரியாவது எழுது.

குட்டி


மே 30

குட்டிக்கு,

உன் நான்கு கடிதங்களும் வந்தன. இப்போதுதான் பேனா எடுக்க முடிந்தது.

பேப்பரில் வந்த மறுநாளே கேட்டில் கூட்டம். "எங்க ஆத்துல விஷத்தைக் கலக்குறியா?" என்று கேட்டவள், போன வாரம்வரை வழியில் நிறுத்தி என்னிடம் நலம் விசாரித்தவள். அன்று சாயங்காலமே மேலிடத்து உத்தரவு வந்தது: குளோரினை அடியோடு நிறுத்து. இன்ஜினியர் வால்வுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

ஏழாம் நாள் கீழ்ப்பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வந்தாள். "வாந்திபேதியில பதினோரு பிள்ளைங்க அக்கா. கட்டில் பத்தலை, தரையில படுக்க வெச்சிருக்கேன். என்ன பண்ணீங்க?" என்றாள். நேரே வால்வு அறைக்குப் போனேன். கம்பியால் பூட்டை நெம்பினேன். பழைய அளவில் பாதிக்கு வால்வைத் திறந்துவிட்டு, நேரத்தையும் அளவையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு இன்ஜினியர் அறைக்குப் போய் நானே சொன்னேன்.

பிள்ளைகள் எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

விசாரணையில் ஒரு அதிகாரி, "அப்போ மீன் செத்தா உங்களுக்குப் பரவாயில்லையா?" என்றார். "பரவாயில்லைன்னு யாரு சார் சொன்னா? மருந்தை ஆஸ்பத்திரியிலயே தடுங்க. அதுவரைக்கும் பிள்ளைங்களைச் சாகவிட முடியாது" என்றேன். எழுதிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் மருந்தை உறிஞ்சி நிறுத்தும் கரி வடிகட்டி வைக்கிற பேச்சு நடக்கிறது. நடந்தால் அதில் உன் பங்கும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

உன்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அதற்கும் தெம்பில்லை. நீ கேட்ட மன்னிப்பை இப்போதைக்கு என்னால் எழுத முடியவில்லை. வராததை எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

ஜூன் 18ஆம் தேதி மறுபடி விசாரணை. உன் ஆய்வை யாராவது புரியும்படி விளக்க வேண்டும் என்கிறார்கள். வருவதானால் வா. எனக்காகப் பரிந்து பேசாதே. நீ கண்டதை முழுசாகச் சொல், பாதியில் நிறுத்தாதே. நான் செய்ததை நான் சொல்லிக்கொள்கிறேன்.

விடுதியில் அறை எடுக்காதே, வீட்டில்தான் தங்க வேண்டும். வந்ததும் அழ ஆரம்பித்துவிடாதே, சமாதானம் சொல்ல என்னால் ஆகாது. இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்வோம்.

அக்கா