அப்பாவின் முழங்காலும் அம்மாவின் பால்குடமும்

செங்காங், சிங்கப்பூர்,
தைப்பூசம் முடிந்த நான்காம் நாள்.

அன்பு மகள் இளமதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், என் இடது முழங்காலும் அம்மாவின் இரண்டு பாதங்களும் மட்டும் அந்த நலத்தில் சேராது. நியூசிலாந்தின் டனீடனில் கோடையிலும் நீ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதாக அம்மா சொன்னாள், காதையும் மூடிக்கொள். முந்தாநாள் வீடியோ அழைப்பில் அம்மாவின் காலில் என்ன கட்டு என்று நீ கேட்டதற்கு அவள் செருப்புக் கடி என்றாளே, அது சுத்தப் பொய், அவள் செருப்பே போடாமல்தான் அந்தக் காலைச் சம்பாதித்தாள். உனக்குத் தெரிந்தால் விமானம் ஏறி வந்துவிடுவாய் என்று நாங்கள் மூன்று மாதமாக மூடி மறைத்த கதை இது. வாட்ஸ்அப்பில் சொல்லலாம் என்றால், உன் சித்தப்பாவைப் பற்றி உனக்கு அனுப்பிய குரல் செய்தி தீபாவளியன்று குடும்பக் குழுவில் போய் விழுந்ததிலிருந்து எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. அதனால்தான் தாளும் பேனாவும்.

அக்டோபரில் ராணுவத்தில் என் கடைசி உடலுறுதித் தேர்வு வந்தது. ஐம்பது வயது வந்தால் அதிகாரிகளுக்கும் தேசிய சேவை முடிந்துவிடும், அடுத்த வருடம் கேப்டன் பிரபாகர் வெறும் பிரபாகர். இருபத்தைந்து வருடத்தில் ஒரு முறைகூட நான் அந்தத் தேர்வில் தோற்றதில்லை, இதை உனக்கு ஆயிரம் முறை சொல்லியிருப்பேன், ஆயிரத்தொன்றாவது முறையாக வைத்துக்கொள். முழங்காலை ஸ்கேன் எடுங்கள் என்று பிசியோ படித்த நீ மூன்று வருடமாகத் தலையில் அடித்துக்கொண்டாய், நான் தைலம் போதும் என்றேன். ஆறு சுற்று ஓட்டத்தில் நாலாவது சுற்று முடியும்போது முழங்காலுக்குள் ஏதோ மடக்கென்றது, அப்படியே தடத்தில் உட்கார்ந்துவிட்டேன். மருத்துவ உதவியாளர்கள் ஓடி வந்து நெஞ்சிலெல்லாம் ஒயரை ஒட்டிப் பார்த்து, இருதயம் நன்றாக இருக்கிறது, கால்தான் போச்சு என்றார்கள். இதற்குள் நம் முகைதீன் அம்மாவுக்குப் போன் போட்டு, அண்ணி, பிரபா கிரவுண்ட்ல உக்காந்துட்டான், மெடிக் வந்திருக்காங்க என்று சொன்னதோடு அவன் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. இருபது வருடமாக என்னோடு ஒரே பிரிவில் இருக்கிறான், ஒரு நாளாவது முழுச் சார்ஜோடு வந்திருப்பானா. என் கைப்பேசியோ லாக்கரில். முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, ஒண்ணுமில்லடி, முழங்கால்தான் என்று நான் சிரித்தேன். அம்மா சட்டென்று போனை வைத்துவிட்டாள், கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவில் தோல்வி என்று வந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. கூடுதல் பயிற்சிக்கு உன் வயதுப் பையன்களோடு போய் நிற்க வேண்டும் என்பதுகூடப் பரவாயில்லை, கடைசி வருடத்தில் அந்த ஒரு சொல்லோடு வெளியே வருவதா? ஸ்கேனில் மூட்டுத் தேய்மானம் என்று வந்தது, அதை வைத்து மேல்முறையீடு செய் என்றான் முகைதீன். நான் நாலு பக்கம் எழுதினேன். படித்துவிட்டு, என்னடா இது, பரம்பரைச் சரித்திரமா, கால் வலிக்குதுன்னு போடு, போதும் லா என்று மூன்று பக்கத்தை அடித்துவிட்டான். அப்புறம் மருத்துவ அதிகாரி கூப்பிட்டார். கேப்டன் சரத் என்று பெயர், உன்னைவிட நாலு வயது கூட இருக்கும், என்னை சார் என்பதா அங்கிள் என்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து சார் அங்கிள் என்றார். படி ஏறினால் வலிக்கிறதா என்று கேட்டார். இளமதி, பட்டாளத்து டாக்டர் எதைக் கேட்டாலும் ஒன்றுமில்லை சார் என்று சொல்லியே பழகிய வாய், வலியெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டது. அப்போ எதுக்கு சார் அங்கிள் அப்பீல் பண்ணீங்க என்று அவர் கேட்க, எனக்கு ரோஷம் வந்து, இப்பவும் உட்கார்ந்து எழுவேன் பார்க்கிறீர்களா என்று அவர் முன்னாலேயே குந்தி உட்கார்ந்தேன். உட்கார்ந்துவிட்டேன், எழ முடியவில்லை. மேசைக் காலைப் பிடித்தேன், மேசைதான் என் பக்கம் வந்தது. கடைசியில் அவரும் வெளியே நின்ற சிப்பாயும் ஆளுக்கொரு கையாகத் தூக்கி நிறுத்தினார்கள். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார், நல்ல வளர்ப்பு.

டிசம்பரில் கடிதம் வந்தது. தேர்வு முடிவு ரத்து, இனி ஓட்டம் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, நீண்ட தூரம் நடக்கக் கூடாது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அம்மாவிடம் நீட்டினேன். அவள் படித்தாள், முகம் வாடிவிட்டது. நீங்க தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறதா வேண்டிக்கிட்டேனே என்றாள். நான் எடுப்பதாக இவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள்! சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும், வெறுங்காலோடு, தோளில் பாரத்தோடு. மேல்முறையீடு ஜெயிக்க வேண்டிக்கொண்டாள் போலும் என்று எண்ணி, அடியே, நடக்க முடியாத காலுக்கு விலக்கு வாங்க அந்தக் காலையே அடமானம் வைத்தாயா, ராணுவம் விட்டாலும் நீ விடமாட்டாய் போலிருக்கிறதே என்று கத்தினேன். பக்கத்துக் கோயில் குருக்களிடம் போனோம். அவர் என் கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்து, சிரித்து முடித்து, வேண்டிக்கிட்டது நீங்கதானேம்மா, நீங்களே பால்குடமா எடுத்துடுங்க, முருகன் ஒத்துப்பார் என்றார். ஒரே வாரத்தில் இரண்டாவது மேல்முறையீட்டிலும் எனக்கே ஜெயம்.

உன் அம்மாவைத்தான் தெரியுமே, இரண்டு நிறுத்தத்துக்கு எல்ஆர்டி ரயில் ஏறுகிறவள். அதனால் பயிற்சியை நான் ஏற்றுக்கொண்டேன். சைக்கிள் முழங்காலுக்கு நல்லது என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா, தினமும் காலையில் ஆற்றோரப் பூங்காவில் அவள் தலையில் தண்ணீர்க் குடத்தோடு நடக்க, நான் பின்னால் சைக்கிளில் விசிலும் ஸ்டாப்வாட்சுமாகப் போனேன். கீழ்வீட்டு நடேசன் பார்த்துவிட்டு, என்ன சார், புளோக்ல தண்ணிய நிறுத்திட்டாங்களா என்று கேட்டார். முதல் நாள் அரைக் கிலோமீட்டரில் ஒரு பெஞ்சைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். வேகம், வேகம் என்று நான் கத்தினால், வாய மூடிக்கிட்டு வாங்க, மூச்சு வாங்குறது எனக்கு என்பாள். ஆனால் மூன்றாவது வாரம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. என் கையில் வந்த ரெக்ரூட்டுகளில் இவ்வளவு எதிர்த்துப் பேசியவரும் இல்லை, இவ்வளவு ஒழுங்காக வந்தவரும் இல்லை.

தைப்பூசத்தன்று காலையில் அவளைப் பெருமாள் கோயிலில் விட்டுவிட்டு நான் ரயிலேறி டேங்க் ரோட்டில் போய் நின்றேன். தார் ரோடு சுட்டிருக்கிறது, மஞ்சள் சேலையும் வேர்வையுமாக, தலையில் குடத்தோடு, ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்தாள். பால் ஊற்றி முடிந்ததும் ஓரமாக உட்கார வைத்து அவள் பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் நாலு கொப்புளம். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தோற்றுப்போன தேர்வுக்காகவா இவ்வளவு, போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாமே என்று திட்டினேன். அப்போதுதான் சொன்னாள். உங்க தேர்வு யாருக்கு வேணும், நான் வேண்டிக்கிட்டது அன்னிக்கு, முகைதீன் போன் கட்டானப்போ என்றாள். அவள் அப்பாவும் இதே வயதில் தேக்கா மார்க்கெட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தானே, அப்புறம் எழுந்திருக்கவேயில்லை. அன்றைக்கும் யாரோ போன் செய்து உட்கார்ந்துவிட்டார் என்றுதான் சொன்னார்களாம். அந்த முக்கால் மணி நேரமும் சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு, காலா இருக்கட்டும் முருகா, நெஞ்சா இருக்க வேண்டாம், அவரையே உன் வாசலுக்கு நடத்திக் கூட்டிட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் அன்றைக்குப் போனில் சிரித்தேனே, அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

உனக்கு எல்லா நலமும் கிடைக்க முருகன் துணை இருப்பான். வேளைக்குச் சாப்பிடு, இட்லிப் பொடி டப்பாவை ஈரக் கையோடு திறக்காதே. கொப்புளத்துக்கு என்ன போடலாம் என்று எனக்குத் தனியாக எழுது. அம்மாவிடம் மட்டும் எதுவும் கேட்டுவிடாதே, அவளுக்கு அது இன்னும் செருப்புக் கடிதான். மூன்று மாதமாக இந்த முழங்காலை நான் திட்டாத நாளில்லை. இப்போது திட்டுவதில்லை, தைலம் தேய்க்கும்போதுகூடக் கொஞ்சம் மரியாதையாகத்தான் தேய்க்கிறேன், அவள் கேட்டு வாங்கிய கால் அல்லவா.

என்றும் அன்புடன்,
உன் அப்பா
பிரபாகர்