இடுப்பு உயரத்துக் கதவு

ஜூன் 12, செவ்வாய்

"அது வேண்டாம் சார், கீழே இருப்பதை எடுங்கள்." இன்று நான் சொல்லாதது இவ்வளவுதான்.

வெயில். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கும்போதே துப்பட்டா நனைந்துவிட்டது. எங்கள் தீத்தடுப்புக் கதவுத் தொழிற்சாலையில் சான்றிதழ் ஆய்வு, இரண்டு நாள். ஆய்வாளர் வெளி நிறுவனத்து ஆள். எங்கள் பக்கமும் இல்லை, கதவு வாங்குகிறவர்கள் பக்கமும் இல்லை, அதற்காகத்தான் அவர். அடுக்கிலிருந்து ஒரு கதவைத் தானே பொறுக்கி அறுத்துப் பார்ப்பார். உள்ளே தீயைத் தாங்கும் பலகை இருந்தால் எல்லாவற்றுக்கும் முத்திரை.

அவருக்கு முதுகுவலி. குனிய மாட்டார். கைக்கு எட்டுவதைத்தான் தொடுவார். ஃபோர்மேன் யூசுப் அண்ணா நேற்றே அடுக்கிவிட்டார்: இடுப்பு உயரத்தில் மட்டும் நல்லவை. கீழே எல்லாம் உள்ளே தெர்மாகோல். பலகை லோடு வரவில்லை, ஆர்டர் அவசரம்.

"சாரு முதுவுக்கு ஒரு மால வாங்கிப் போடணும்டா." லோடிங் ஆட்களின் சிரிப்பு.

"எல்லாம் இதே சரக்குதானே?" ஆய்வாளர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், தரப் பதிவு என் வேலை. மேனேஜர் பாஸ்கர் சார் முந்திக்கொண்டார். "அதே சரக்குதான் சார்." நான் பேனா மூடியைத் தேடினேன்.

கதைப் புத்தகங்களில் தப்பு செய்கிறவர்களைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். பாஸ்கர் சார், எனக்குத் தலைவலி என்றால் ஆள் அனுப்பி மாத்திரை வாங்கித் தருகிறவர்.

சோப்பு, அப்பாவின் பி.பி. மாத்திரை. இரண்டும் வாங்க மறந்தேன்.

வீட்டில் தங்கை மெர்சி. பள்ளிக்கரணையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். "அக்கா, எங்க ஆஸ்பத்திரில புதுசா கட்டுற மூணாவது மாடிப் படிக்கட்டுக்கு உங்க கம்பெனி கதவுதானாம். அப்போ நாங்க சேஃப்!" ரசம் சாதத்தை மூடி வைத்தேன்.

ஜூன் 13, புதன்

சொல்லிவிட்டேன். ஆய்வாளர் அறிக்கையில் கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்தார். "கீழேருந்து ஒண்ணு அறுத்துப் பாருங்க சார்." இரண்டு முறை. இரண்டாவது முறைதான் நிமிர்ந்தார்.

அடியிலிருந்து உருவினார்கள். ரம்பம் பட்டதும் வெள்ளை மணிகள், ஃபேன் காற்றில் எல்லார் மேலும். ஆய்வாளரின் வியர்த்த கையில் ஒட்டியவை தட்டத் தட்டப் போகவில்லை. பிறகு குனிந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கதவிலும் கீல் பக்க விளிம்பில் சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி.

கேட் அருகே யூசுப் அண்ணா: "இன்னாமா இப்டி பண்ட்ட? எங்கைல ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் அடுக்கியே இருக்க மாட்டேன். இப்ப எத்தினி வூட்ல அடுப்பு எரியாது, தெரிமா?"

அடுக்காமல் இருந்திருப்பாரா? தெரியவில்லை.

ஜூன் 30, சனி

சான்றிதழ் இல்லை. இரண்டாவது ஷிப்டும் இல்லை. யூசுப் அண்ணாவுக்கும் எனக்கும் வேலை இன்றோடு சரி. மழை வருவது போல இருட்டி, வரவில்லை. மெர்சியின் மாடிக்கு அந்தக் கதவுகள் போகாது. அது ஒன்றுதான் ஆறுதல்.

ஆகஸ்ட் 6, திங்கள்

மெர்சி டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போனாள். கொடுக்கப் போனேன். புது மூன்றாம் மாடி. படிக்கட்டுக் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருக்கிறார்கள். கீல் பக்கம், ஒரே பூச்சு பெயிண்டுக்கு அடியில், சிவப்புப் பெருக்கல் குறி.

பெயிண்ட் டப்பாவோடு நின்ற மேஸ்திரியைக் கேட்டேன். "சர்டிபிகேட் இல்லாத மாலுதான்மா. சாதா கதவுன்னு பாதி வெலைக்குத் தந்தாங்க. சாதா கதவ எவன் வந்து அறுத்துப் பாக்கப் போறான்?"

மெர்சியிடம் சொன்னேன். டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டாள். "வேலைய விடச் சொல்றியாக்கா? நீயும் வீட்ல இருக்க. நானும் விட்டா?"

ஆகஸ்ட் 13, திங்கள்

மெர்சி நைட் டூட்டிக்குப் போனாள். மூன்றாம் மாடி.