சாம்பல் நிற வீடு

லெம்விக்,
நவம்பர்

அன்புள்ள சிக்னே,

அப்பாவும் நானும் சுகம். உன் இருமல் போய்விட்டதா என்பதை முதல் வரியிலேயே எழுது. உன் கடிதங்களில் அது எப்போதும் கடைசியில்தான் வருகிறது. இங்கே கடற்காற்று தொடங்கிவிட்டது. வீட்டைச் சூடாக்கும் பாய்லர்கள் பழுதாகி, வீடுகளில் சூடு நின்றுபோகும் காலம். நம் குழாய் வேலைக் கம்பெனியின் வண்டிகள் நான்கும் ஓயாமல் ஓடுகின்றன.

எந்த மென்பொருளை எடுத்தோம் என்று கேட்டிருந்தாய். இத்தனை வருடம் எல்லாருக்கும் பொதுவான ஒரு நாட்காட்டி, கணக்குக்கு ஒரு எக்செல், ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. அவ்வளவுதான் என் அலுவலகம். எந்தத் தொழிலுக்கும் பொருந்தும். குழாய் வேலை பற்றி எதற்கும் ஒன்றும் தெரியாது. போன குளிர்காலத்தில் அந்தக் குழுவில் ஒரு பாய்லரின் படத்தைத் தேடினேன். நம் வேலையாள் பிரெபனின் நாய்க்கும் யாருடையதோ பிறந்தநாள் கேக்குக்கும் நடுவில் கிடைத்தது. அப்பா, குழாய் வேலைக்கென்றே செய்த ஒன்றை ஒரு மாதம் பரீட்சைக்கு எடுத்தார். எனக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பக்கம். எந்த பாய்லர், எப்போது வால்வு மாற்றியது, சாவி எங்கே இருக்கும். யாராவது கூப்பிட்டால், அருகில் நிற்கும் வண்டிக்கு வேலையை அதுவே அனுப்பிவிடுகிறது.

பிரெபனுக்குத்தான் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை காலை ரொட்டியும் சீஸுமாக உட்கார்ந்து, யார் எந்த வீட்டுக்கு என்று பிரித்துக்கொள்வோமே, அது போய்விடுமாம். “போன் சொல்ற பக்கமெல்லாம் ஓட நான் என்ன பீட்ஸா கொண்டுவர்றவனா? முதலாளியம்மா, இதை வாங்கினா நான் ஹோல்ஸ்டெப்ரோவுக்குப் போயிடுவேன், பாத்துக்கங்க.” சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அங்கே ஒரு கம்பெனி அவனை அழைத்துக்கொண்டிருப்பது எங்களுக்குத் தெரியும். அவன் போய்விட்டால் பழைய வீடுகளின் வேலைக்கு ஆளில்லை. அப்பா அன்று சூப்பில் உப்பில்லாததைக்கூடக் கவனிக்கவில்லை.

வீடுகளைப் புதியதில் ஏற்றியது நான். பழைய நாட்காட்டியில் மார்கிட்டின் வீடு சாம்பல் நிறம். அவளும் பிரெபனும் விவாகரத்தான வருடம் நான் போட்டது. சாம்பல் என்றால் பிரெபனை அனுப்பக்கூடாது. யாரும் பேசி முடிவுசெய்யவில்லை, எல்லாருக்கும் தெரியும். புதியதில் நாய் உண்டா என்று ஒரு கட்டம் இருக்கிறது. கூரையின் உயரத்துக்கு ஒன்று. யாரை அனுப்பக்கூடாது என்பதற்கு இல்லை. யோசித்துப் பார், என்ன பெயரில் வைப்பார்கள்? வெள்ளிக்கிழமை எல்லாரிடமும் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமையே மார்கிட் வீட்டில் சூடு நின்றுவிட்டது. அடுத்த தெருவில் பிரெபனின் வண்டி. நான் போனை எடுப்பதற்குள், திரையில் அவன் வண்டியின் புள்ளி அவள் வாசலில் நின்றது. கூப்பிட்டேன். எடுக்கவில்லை. “போச்சு, நீயே அவனை ஹோல்ஸ்டெப்ரோவுக்கு பஸ் ஏத்திட்டே” என்றார் அப்பா. புள்ளி நகரவில்லை. ஒரு பம்ப் மாற்றும் நேரம் போனது. அதற்குப் பிறகும் நகரவில்லை.

மதியம் வந்தான். கழற்றிய பம்பை என் மேசைமேலேயே வைத்தான். கறுப்புத் தண்ணீர் காகிதங்களில் ஒழுகியது. அந்தச் சாம்பல் நிறத்தைப் போடச் சொன்னது யார் என்று கேட்டான். யாரும் சொல்லவில்லை என்றேன். “அவதான் என்னை அனுப்ப வேணாம்னு சொல்லியிருப்பான்னு நான் நினைச்சேன். நான்தான் வரமாட்டேன்னு சொல்லியிருப்பேன்னு அவ நினைச்சிருக்கா.” காப்பியாவது கொடுத்தாளா என்றார் அப்பா. “ரெண்டு கப். வாயில வைக்க முடியலே. குடிச்சேன்.” கதவருகே போய்த் திரும்பினான். “வாங்கித் தொலைங்க அதை. ஆனா வெள்ளிக்கிழமை ரொட்டியில கை வைக்கக்கூடாது.”

அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். புதியதற்கு பாய்லர்களைத் தெரியும், எங்களைத் தெரியாது. பழையதற்கு எங்களைத் தெரியும், நான் சொல்லிக்கொடுத்தபடி. எது மேல் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ. எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. ஒன்றுக்கு மறக்காமல் பதில் எழுது. நீ ரஸ்முஸைப் பிரிந்து அங்கே போனதிலிருந்து அவன் பெயரை நாங்கள் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை. நீ அப்படிக் கேட்டுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. போன வாரம் துறைமுகத்தில் அவனைப் பார்த்தேன். உன்னை விசாரித்தான். இனி அவனைப் பற்றி எழுதலாமா?

உன் அம்மா,
கெர்டா