கல்பனா என்று யாரும் இல்லை

உன் கருமாதிப் பத்திரிகை இன்று காலையில் வந்தது. ஓரத்தில் மஞ்சள் தடவாத பத்திரிகை என்பதால் கையில் வாங்கும்போதே தெரிந்துவிட்டது. அச்சு மை இன்னும் சரியாகக் காயவில்லை. கிட்டே கொண்டுபோனால் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தேன். ‘எங்கள் அன்புத் தாயார் திருமதி கல்பனா அவர்கள்’ என்று இருந்தது. வேறு யார் வீட்டுப் பத்திரிகையோ மாறி வந்துவிட்டது என்று திருப்பிப் பார்த்தேன். கீழே உன் மகன் பேர், மருமகள் பேர், அரியலூர் வீட்டு விலாசம். மேலே படத்தில் நீ, ஈறு தெரியச் சிரித்துக்கொண்டு.

யாரடி இந்தக் கல்பனா? எனக்கு வந்த கோபத்தில் காப்பி ஆறிப்போய்விட்டது.

உன் பேர் குப்பாயி. என் பேர் போதும்பொண்ணு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உடையார்பாளையத்தில் நம் தெருவில் பிச்சை இருந்தான், மூக்காயி இருந்தாள், அமாவாசை இருந்தான். யாரும் யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை. அந்தப் பேர் எதற்காக வந்தது என்று தெருவுக்கே தெரியும். உனக்கு முன்னால் உன் அம்மாவுக்குப் பிறந்தது எதுவும் தங்கவில்லை. முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும்போது ஒவ்வொன்றாகப் போய்விட்டது. நீ பிறந்ததும் உன்னை முறத்தில் கிடத்தி, வீட்டுக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு உன் அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்றும் தெரியாதவள் மாதிரி அந்தப் பக்கம் வந்தவள் என் அம்மா. இடுப்பில் நான்.

“யாரு வூட்டுப் புள்ளைடி, குப்பையில கெடக்கு? கேக்க ஆளில்லன்னா நான் எடுத்துட்டுப் போறேன்” என்று ஊர் கேட்கக் கத்திவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தாளாம். ஒரு பக்கம் எனக்கும் ஒரு பக்கம் உனக்குமாகப் பால் கொடுத்தாளாம். மறுநாள் உன் அம்மா முறத்தில் தவிடு கொண்டுவந்து கொடுத்து, அடுத்தவர் பிள்ளையை வாங்குவதுபோல உன்னை வாங்கிக்கொண்டு போனாள். கொடுக்கும்போது என் அம்மாதான் பேரும் வைத்தாள். “குப்பாயின்னு கூப்புடு. எமன் வந்து எட்டிப் பாத்தாலும், ச்சீ குப்பைன்னு போயிடுவான்.”

நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. நீ தங்கினாய். அதுதான் எனக்குக் கணக்கு.

என் பேர் அப்படி வந்ததல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். வரிசையாகப் பெண்ணாகவே பிறந்ததில் அலுத்துப்போய், போதுமடா சாமி என்று அப்பா வைத்தது. அதில் பாசம் ஒரு துளிகூடக் கிடையாது. பேரை மாற்றிக்கொள்ளச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னார்கள். ஏன் மாற்ற வேண்டும்? டீச்சர் வேலை கிடைத்த முதல் நாளே கரும்பலகையில் கொட்டை எழுத்தில் என் பேரை எழுதி, வகுப்பு மொத்தத்தையும் வாய்விட்டு வாசிக்க வைத்தேன். வேண்டாம் என்றவர்கள் கண் முன்னால் அந்தப் பேரிலேயே இருந்து காட்டியதுதான் நான் சொன்ன பதில். ஆனால் உன் பேர் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பேர். அதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

நீயும் லேசுப்பட்டவளா? ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போனபோது, குத்தகைக்காரர் “ஏ குப்பை, இங்க வா” என்று கூப்பிட்டார். நீ காதே கேட்காதவள் மாதிரி குனிந்து பொறுக்கிக்கொண்டே இருந்தாய். அவர் கிட்டே வந்து கத்தினார். “பேரு குப்பாயிங்க. முழுசாக் கூப்புட்டா முழுசா வரேன்” என்றாய். கூலியைப் பிடித்துக்கொள்வாரோ என்று நான் பயந்தேன். மறுநாள் முழுசாகத்தான் கூப்பிட்டார்.

இந்தக் கல்பனா முதன்முதலில் வந்தது உன் கல்யாணத்தில். எழுபதுகளின் கடைசி. மாப்பிள்ளைக்கு அரியலூர் சிமெண்ட் ஆலையில் ஆபீஸ் வேலை. அப்படி ஒரு சம்பந்தம் நம் தெருவுக்கு வந்ததே பெரிசு. பத்திரிகை அடிக்கும் பொறுப்பை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வந்து பார்த்தால் மணமகள் கல்பனா. உன் நாத்தனார் செய்த வேலை. நீ பத்திரிகையைப் பார்த்துவிட்டு மடித்து உள்ளே வைத்தாய். சரி, பணிந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா மைக்கைப் பிடித்தார். “மணமகள் கல்பனாவ மேடைக்கு அழச்சிட்டு வாங்க!” பந்தலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட வகுப்பறைதான் பெண்ணின் அறை. நீ மாலையும் கழுத்துமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். உட்கார்ந்தே இருந்தாய். இரண்டாவது தரமும் கூப்பிட்டார்கள். நான் உன் தோளைத் தொட்டேன்.

“யாரையோ கூப்புடுறாங்கடி. அந்தப் பொண்ணு வந்தா அழச்சிட்டுப் போங்க” என்றாய்.

உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நாத்தனார் ஓடிவந்தார். “நல்ல பேராத்தானே வச்சிருக்கோம்? நாளைக்கி குவாட்டர்ஸ்ல நாலு பேரு ஒன்ன மதிச்சிக் கூப்புட வேணாமா?”

“நான் சாவக் கூடாதுன்னு வச்ச பேருங்க அது. அத இங்க வுட்டுட்டு ஒங்க வூட்டுக்கு வந்து நான் செத்துப்போனா, ஒங்களுக்குப் பரவால்லீங்களா?”

என் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். எழுந்து போ என்று உன்னிடம் அவள் சொல்லவே இல்லை. வெளியே நேரம் போய்க்கொண்டிருந்தது. சம்பந்தம் முறிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். அப்போதுதான் உன் வீட்டுக்காரர், பட்டுவேட்டி தடுக்க, மேடையிலிருந்து இறங்கி வந்து அறை வாசலில் நின்றார்.

“குப்பாயி, நேரமாவுது. வா” என்றார்.

நீ பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி சட்டென்று எழுந்தாய். “கூப்புட்டா வரப்போறேன், இதுக்கு எதுக்கு மைக்கு?” என்றாய். அறை முழுக்கச் சிரிப்பு. உன் அம்மாகூட மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். கடைசிவரை அந்த மனுஷர் உன்னை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதற்காகவே அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

பிறகு அவருக்கு உடம்பு முடியாமல் போய், நீ ஆலைக்குப் போகிற ரோட்டில் இட்லிக்கடை போட்டாய். கடைக்குப் பலகைகூடக் கிடையாது. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர்கள் எல்லாம் “குப்பாயி கடையில நிறுத்து” என்றுதான் கிளீனரிடம் சொல்வார்கள். உன் தக்காளிச் சட்னிக்கு அந்த ரோட்டில் ஈடு இருந்ததா? கல்பனா கடை என்றால் எவன் நிறுத்தியிருப்பான்?

ஆறிய காப்பியைக் கொட்டிவிட்டு உன் மகனுக்குப் போன் போட்டேன்.

“ஏன்டா தம்பி, பத்திரிகையில யாரு பேருடா இது?”

“அம்மாவோட நல்ல பேருதான பெரியம்மா? ட்ரங்குப் பெட்டியில கல்யாணப் பத்திரிகை கெடந்திச்சி. அதுல பாத்தேன். இத்தன நாளு எனக்கே தெரியல பாருங்க.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதை நீ எதற்காகப் பத்திரப்படுத்தினாய் என்று எனக்குத்தானே தெரியும்? “இதுங்க தோத்துப்போன பத்திரிகைடி” என்று என்னிடம் எடுத்துக் காட்டிக் காட்டிச் சிரிப்பாய். ஜெயித்த சந்தோஷத்தில் நீ பெட்டியில் போட்டு வைத்ததை, உன் நல்ல பேர் என்று உன் பிள்ளை எடுத்து வைத்துக்கொண்டான்.

“ரேஷன் கார்டுல என்னடா இருக்கு?” என்றேன்.

“குப்பாயின்னுதான். ஆனா சம்பந்தி வூட்டுக்காரங்க வருவாங்க, எங்க ஆபீஸ்லேருந்து வருவாங்க. படத்துக்குக் கீழ அந்தப் பேர எப்புடிப் போடுறது? ஸ்கூல்ல நான் பட்ட பாடு ஒங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். என் வகுப்பில் அவன் பைக்குள் கிழிந்த காகிதத்தைத் திணித்து “ஒங்கம்மாகிட்ட குடு” என்ற பையன்களை முட்டிபோட வைத்ததே நான்தான். அவன் வலி பொய்யில்லை. அதற்காகக் கேலி செய்தவனுக்குப் பயந்து பெற்றவளின் பேரை மறைப்பதா? குப்பைமேட்டையும் முறத்தையும் தவிட்டையும் அவனிடம் சொன்னேன். கல்யாணத்தன்று நீ பெஞ்சில் உட்கார்ந்த கதையையும் சொன்னேன். கடைசியில் சத்தம் போட்டே விட்டேன்: “அந்தப் பேருல வெந்த இட்லிதான்டா ஒன்ன இன்ஜினியரா ஆக்குச்சி!”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “படத்துக்கு ஃபிரேம் போட்டு, கண்ணாடி மாட்டி, பேரையும் எழுதியாச்சே பெரியம்மா. கருமாதியன்னிக்கி நீங்கதான் படத்தத் தெறந்து வைக்கணும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்” என்றான். கொஞ்சம் பொறுத்து, “யோசிக்கிறேன்” என்றான்.

அவன் யோசிக்கட்டும். எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு பட்டை மார்க்கர் பேனா கேட்டேன். கண்ணாடி மேல் எழுதுமா என்று விசாரித்தேன். “நல்லா எழுதும் டீச்சர். ஆனா லேசுல அழியாதுங்க” என்றான் கடைக்காரன். அதைத்தான் கொடு என்றேன். இப்போது என் பையில், மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சபையில் என்னைக் கூப்பிட்டதும் எழுந்து போவேன். திரையை விலக்குவேன். கீழே உன் பேர் இருந்தால் கும்பிட்டுவிட்டு, அழ வேண்டியதை அழுதுவிட்டு வந்து உட்காருவேன். கல்பனா இருந்தால், சம்பந்தி வீட்டார் முன்னால், ஆபீஸ்காரர்கள் முன்னால், அதன் மேல் ஒரு கோடு. அதற்கு மேலே கரும்பலகையில் எழுதுகிற அதே கொட்டை எழுத்தில் குப்பாயி. யார் வந்து கையைப் பிடிக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

என் அம்மா உன்னைத் தூக்கிப் பால் கொடுத்து வைத்த பேரடி அது. எழுபது வருஷம் எமனை ஏமாற்றின பேர். அதை இவர்களிடம் விட்டுக்கொடுப்பேனா?

போதும்பொண்ணு